உப்பைக் கொடு, தங்கத்தை எடு!

தங்கம் விலை ஏறின கதையைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. இறங்கின கதை ஒன்று இருக்கிறது. ஊர் கெய்ரோ, வருஷம் 1324. இறக்கியவர் மன்சா மூசா. மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தி.

மனுஷர் மெக்காவுக்கு யாத்திரை கிளம்பினார், ஒட்டகம் ஒட்டகமாகத் தங்கத்தோடு. வழியில் கெய்ரோ. கண்ணில் பட்ட அதிகாரிக்கெல்லாம் வாரி வாரிக் கொடுத்தார். கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு தினார்கூடப் பெறாத சட்டைக்கு அஞ்சு தினார் சொன்னார்கள். கூட வந்த மாலிக்காரர்கள் பேரம் பேசாமல் எடுத்து வைத்தார்கள்.

விளைவு? ஒரு மித்கால் (நாலேகால் கிராம் சொச்சம்) தங்கம் அதுவரை 25 வெள்ளி திர்ஹத்துக்குக் குறைந்ததில்லை. அது 22-க்கும் கீழே விழுந்தது. பன்னிரண்டு வருஷமாகியும் நிமிரவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார் அல் உமரி. சரக்கு குவிந்தால் விலை விழும் என்பதை எனக்கு பி.காம். வாத்தியார் கத்தரிக்காயை வைத்து நடத்தினார். மூசாவை வைத்து நடத்தியிருந்தால் நானும் தூங்கியிருக்க மாட்டேன்!

இத்தனை தங்கமும் தீர்ந்து, ஊர் திரும்ப மூசா அதே கெய்ரோ வியாபாரிகளிடம் கடன் வாங்கினார் என்பது உபகதை.

மாலியில் தங்கம் இருந்தது, உப்புக்குத்தான் திண்டாட்டம். அது சகாராவின் நடுவில், தகாசாவில் கிடைத்தது. 1352-ல் அங்கே போனார் இபின் பதூதா. (நம்ம மதுரைக்கு வந்து, காய்ச்சலில் படுத்து, புளியைக் கரைத்துக் குடித்துப் பிழைத்தாரே, அவரேதான்.) வீடு, பள்ளிவாசல் எல்லாமே உப்புப் பாளத்தில் கட்டி, ஒட்டகத் தோலால் கூரை போட்டிருந்தார்களாம்.

ஒரு ஒட்டகச் சுமை உப்பு, பாலைவனம் தாண்டி வலாட்டாவில் 8 முதல் 10 மித்கால் தங்கம். அதுவே மாலித் தலைநகரில் 20, 30. சில சமயம் 40! உப்பையே துண்டு போட்டுக் காசு மாதிரியும் செலவழித்தார்கள்.

பாளத்தை வெட்டியது யார் தெரியுமா? மசூஃபா கூட்டத்தாரின் அடிமைகள். அங்கே மரம், செடி கிடையாது. தண்ணீர் கரிக்கும், ஈ மொய்க்கும். பேரீச்சம்பழமும் தானியமும் வெளியூரிலிருந்து வந்தால்தான் சாப்பாடு. அந்தக் குக்கிராமத்தில்தான் தங்கத்தூள் மணங்குக் கணக்கில் கைமாறியது என்கிறார் பதூதா.

அவர் பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுக் கிளம்பினார். வெட்டுகிறவர்களுக்கு அதுதான் ஊர்.