தொட்டிலுக்கு வந்த கடன்

பிறந்து ஒரு நாழிகைகூட ஆகாத பச்சிளங் குழந்தை. நெய்யை நாவால் தொட்டதில்லை. ஆட்டுக்கறியின் மணம் அறிந்ததில்லை. விருந்து மண்டபத்தின் வாயிற்படியை மிதித்ததில்லை. அந்தப் பிஞ்சின் இரத்தத்திலே அளவுக்கு மிஞ்சிய கொழுப்பு என்றால், "தின்னாதவனுக்கு எப்படியப்பா வரும் கொழுப்பு?" என்றுதானே கேட்பீர்கள்?

நியாயமான கேள்வி. விடையை விஞ்ஞானம் தருகிறது, தோழர்களே!

கொலஸ்ட்ரால் என்றதும் அது கொழுத்தவனின் நோய், நமக்கேன் அந்தக் கவலை என்று எண்ணுகிறோம். உண்டு கொழுத்தவனை மட்டுமல்ல, உழைத்து இளைத்தவனையும் அது பிடிக்கும். சிலரைக் கருவிலேயே பிடிக்கும்!

வழக்கமாக, பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில், 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 60 அல்லது 70 மில்லிகிராம் கொலஸ்ட்ரால்தான் இருக்கும். வளர்ந்தவருக்கு 200க்குள் இருப்பது நலம். ஆனால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணுவைப் பெற்ற குழந்தைக்கோ, அது 500ஐத் தாண்டும், 1000ஐக்கூட எட்டும்!

ஏன்? துறைமுகத்தை எண்ணிப் பாருங்கள். மூட்டை இறக்க 100 தொழிலாளர் வேண்டிய இடத்தில் 50 பேரே இருந்தால் என்னவாகும்? சரக்கு தேங்கும், பாதை அடைபடும். ஈரல் ஒரு கிடங்கு. இரத்தத்திலே வரும் கொழுப்பு மூட்டையைப் பற்றி உள்ளே இழுக்கும் கைகள் அதற்கு உண்டு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுது வந்தால் கைகளில் பாதி வேலை செய்யாது. இருவரிடமிருந்தும் வந்தால் அநேகமாக எல்லாமே முடங்கும். அமெரிக்காவின் டல்லாஸ் நகரிலே பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்ற இரு மருத்துவர்கள் 1970களில் கண்டறிந்த உண்மை இது. 1985இல் நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது.

1984இல் பிட்ஸ்பர்க் நகரில், இருமடங்குப் பழுதோடு பிறந்த 6 வயதுச் சிறுமிக்குப் புதிய இதயத்தோடு புதிய ஈரலும் பொருத்தினார்கள். 1000க்கு மேல் இருந்த கொலஸ்ட்ரால் 300க்குக் கீழே இறங்கியது. கோளாறு சோற்றிலே அல்ல, ஈரலிலே என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? கருவுற்றபோது எதைத் தின்றாயோ என்று தாயைப் பழிப்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும்!

இருமடங்குப் பழுது அரிது. ஏறத்தாழ 3 இலட்சம் பேரில் ஒருவருக்கு. ஒற்றைப் பழுதோ, ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு! சிகிச்சையில்லாவிட்டால், அத்தகைய ஆண்களில் ஏறக்குறையப் பாதிப்பேரை 50 வயதுக்குள் இதய நோய் தாக்குகிறது. நேற்றுவரை மூட்டை சுமந்தவன் நெஞ்சைப் பிடித்தபடி சாய்கிறான். தலையெழுத்து என்கிறது ஊர். எழுத்துத்தான்; தலையிலே அல்ல, மரபணுவிலே! படிக்க முடிந்த எழுத்து. பலிக்காமல் தடுக்க முடிந்த எழுத்து!

ஜப்பானியர் அகிரா எண்டோ 1973இல் பூசணத்திலிருந்து கொழுப்பைக் குறைக்கும் பொருளைக் கண்டார். அதன் இனத்து மாத்திரை 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இன்று 8, 10 வயதுச் சிறுவர்க்கும் மருத்துவர் அதைத் தருகிறார்கள்.

தொப்புள்கொடி இரத்தத்தைப் பார்த்தால் போதுமா? போதாது. ஒற்றைப் பழுது அங்கே தெளிவாகத் தெரிவதில்லை. பால் குடித்து வளரும் மாதங்களிலே எல்லாக் குழந்தைகளுக்கும் அளவு ஏறும். ஆகவேதான் ஸ்லோவேனியா என்ற சிறுநாடு, 1995 முதல் 5 வயதுக் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதிக்கத் தொடங்கியது.

உங்கள் குடும்பத்திலே யாரேனும் இளமையில் மாரடைப்பால் மாண்டதுண்டா? இருந்தால் நீங்கள் இரத்தம் சோதித்துப் பாருங்கள். பழுது உங்களிடம் இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

தந்தை பட்ட கடனுக்கு மகன் வட்டி கட்டுவது கொடுமை. கடன் இருப்பதே தெரியாமல் உயிரையே கட்டுவது அதனினும் கொடுமை! கணக்கைக் கேளுங்கள், தோழர்களே; காலத்தோடு கேளுங்கள்!