தலைக்கு 970, தலைக்கு 540

உள்ளாட்சிகளுக்காக 2020-21-ஆம் நிதியாண்டில் 15-வது நிதிக்குழு எடுத்து வைத்த தொகை 90,000 கோடி ரூபாய். அதில் தமிழ்நாட்டின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 3,607 கோடி, பீகாரின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 5,018 கோடி. ‘வழக்கம்போல வடக்குக்கு அள்ளிக் கொடுத்துவிட்டார்கள்’ என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 2011 கணக்கெடுப்புப்படி பீகாரில் கிராமத்தில் வசிப்பவர்கள் 9.23 கோடிப் பேர். இங்கே 3.72 கோடிப் பேர். வகுத்துப் பார்த்தால் தமிழ்நாட்டுக் கிராமவாசிக்குத் தலைக்குச் சுமார் 970 ரூபாய், பீகார் கிராமவாசிக்குச் சுமார் 540 ரூபாய்.

இதே கணக்கை நகரங்களுக்குப் போட்டால் எல்லாம் தலைகீழ். தமிழ்நாட்டு நகரவாசிக்கு ஏறத்தாழ 500 ரூபாய், பீகார் நகரவாசிக்கோ 2,000 ரூபாய்க்கு மேல்!

யாரும் வேண்டுமென்று செய்த ஓரவஞ்சனை அல்ல இது. சூத்திரம் செய்த வேலை. அதைப் புரிந்துகொள்ள, இந்தப் பணம் எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அரசியல் சட்டத்தின் 73, 74-வது திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோது, 280-வது பிரிவில் நிதிக்குழுவுக்கு ஒரு புது வேலை சேர்க்கப்பட்டது. மாநிலங்களுக்கு வரிப்பங்கு பிரித்துக் கொடுப்பதோடு, ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் கைகொடுக்க வழி சொல்ல வேண்டும். 10-வது நிதிக்குழு எளிமையாகத் தொடங்கியது. 1971-ஆம் ஆண்டு மக்கள்தொகையை வைத்து, கிராமத்தில் தலைக்கு 100 ரூபாய். பின்னால் வந்தவர்கள் அளவுகோல்களைக் கூட்டினார்கள். சி. ரங்கராஜன் தலைமையிலான 12-வது குழு மக்கள்தொகைக்கு 40 விழுக்காடுதான் மதிப்புக் கொடுத்தது. தனிநபர் வருமானத்தில் ஒரு மாநிலம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு 20, சொந்த வருவாயைத் திரட்டும் முயற்சிக்கு 20, நிலப்பரப்புக்கு 10, வசதிக் குறைவுக்கு 10. ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகக் கொடு, முயற்சி செய்பவரைத் தட்டிக்கொடு என்ற இரண்டு எண்ணங்களும் அதில் இருந்தன.

14-வது குழு அத்தனையையும் துடைத்துவிட்டு இரண்டே இரண்டை வைத்துக்கொண்டது. மக்கள்தொகைக்கு 90, நிலப்பரப்புக்கு 10. என்.கே. சிங் தலைமையிலான 15-வது குழுவும் அதே வழியில் போனது. இந்தக் கணக்கில் தமிழ்நாட்டின் பங்கு 6 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது.

சிக்கல் அடுத்த படியில்தான். அந்த 90,000 கோடியை நாடு முழுவதற்கும் ஒரே விகிதத்தில், ஊரகத்துக்கு 67.5, நகரத்துக்கு 32.5 என்று முதலில் பிரித்துவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு மூட்டையிலும் மாநிலத்தின் பங்கை அதன் மொத்த மக்கள்தொகையை வைத்தே எடுத்தார்கள். தமிழ்நாட்டில் 48 விழுக்காட்டினர் நகரத்தில் இருக்கிறார்கள், பீகாரில் 11 விழுக்காட்டினர்தான் என்பது சூத்திரத்தின் கண்ணில் படவே இல்லை. பாதிப் பேர் நகரத்தில் வாழும் மாநிலத்துக்கும் ஒன்பதில் ஒருவர் மட்டும் நகரத்தில் வாழும் மாநிலத்துக்கும் ஒரே தராசு. பீகாரின் கிராமங்களும் நம் நகரங்களும்தான் இதில் நட்டப்பட்டவை. எளிமையான சூத்திரம் நேர்மையாகவும் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். என்னைக் கேட்டால், ரங்கராஜன் குழுவின் சிக்கலான சூத்திரமே மேல்.

2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு உள்ளாட்சிகளுக்கென்று 15-வது குழு பரிந்துரைத்தது 4,36,361 கோடி. அதில் ஊரகத்துக்கு 2,36,805 கோடி, நகரத்துக்கு 1,21,055 கோடி. ஆரம்ப சுகாதார வசதிகளுக்கு 70,051 கோடி. மிச்சம் புது நகரங்களுக்கும் சில்லறை இனங்களுக்கும். நகரத்தின் பங்கை மெல்ல 35 விழுக்காட்டுக்கு உயர்த்தினார்கள், அவ்வளவுதான்.

சரி, இந்தப் பணம் ஒரு கிராமத்துக்கு எப்படி வந்து சேர்கிறது? 2021-22-இல் தமிழ்நாட்டு ஊரகத்துக்கு ஒதுக்கப்பட்டது 2,666 கோடி. ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்ற மூன்று அடுக்கும் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கிராம ஊராட்சிகளுக்கு 70 முதல் 85 விழுக்காடு வரை கொடுக்கலாம் என்பது விதி. 80 என்று வைத்துக்கொள்வோம். 3,000 பேர் உள்ள ஓர் ஊராட்சிக்கு ஆண்டுக்குச் சுமார் 17 லட்ச ரூபாய் வரும். கேட்க நல்ல தொகை. ஆனால் அதில் 60 விழுக்காடு ‘டைடு’. பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கு என்று டெல்லியிலேயே எழுதியாகிவிட்டது. தலைவர் தன் ஊருக்கு எது தேவை என்று யோசித்துச் செலவழிக்க ‘அன்டைடு’ கணக்கில் மிஞ்சுவது ஏழு லட்சம். அதிலும் சம்பளம், அலுவலகச் செலவு கூடாது. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுபவருக்கும் குப்பை அள்ளுபவருக்கும் மாநில நிதிக்குழு மானியத்திலிருந்தும் வீட்டுவரி வசூலிலிருந்தும்தான் கொடுக்க முடியும். ஜல்ஜீவன் திட்டத்தில் குழாய் போட்டு முடித்த ஊரில் குடிநீர்க் கணக்கில் பணம் கிடக்கும். சுடுகாட்டுப் பாதை சேறாகவே கிடக்கும்.

பணம் வந்தாலும் கணினி திறக்க வேண்டும். இ-கிராம ஸ்வராஜ் தளத்தில் பணியைப் பதிவு செய்து, டிஜிட்டல் கையொப்பம் வைத்தால்தான் ஒப்பந்ததாரரின் வங்கிக் கணக்குக்குப் பணம் போகும். தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் ஊராட்சிப் பணத்தை எடுக்க முடியும் என்பதால், இருவருக்கும் ஆகாத ஊர்களில் மோட்டார் காயில் கட்டிய பில்கூட மாதக்கணக்கில் நிற்கும். கடைசியில் மாவட்ட ஆட்சியர் தலையிட்டுத் துணைத் தலைவரின் கையெழுத்து அதிகாரத்தைப் பிடுங்கிய கதைகள் ஏராளம். தலைவர் பட்டியலினத்தவராகவோ பெண்ணாகவோ இருந்து, துணைத் தலைவர் ஊரின் ஆதிக்கத் தரப்பாக இருந்துவிட்டால் இந்தக் கையெழுத்துக்கு இருக்கும் விலையே தனி. நிதிக்குழுவின் எந்த அட்டவணையிலும் இது வராது.

நிபந்தனைகளும் உண்டு. வரவு செலவுக் கணக்கையும் தணிக்கை அறிக்கையையும் இணையத்தில் போடாத உள்ளாட்சிக்குப் பணம் இல்லை. இது நியாயமான கேள்வி, குறை சொல்ல மாட்டேன். நகரங்களுக்கு இன்னொன்று: சொத்துவரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், வசூலும் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக ஏற வேண்டும். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் வீடுகளின் பரப்பளவைப் பொறுத்து 25 முதல் 150 விழுக்காடு வரை சொத்துவரி ஏறியது நினைவிருக்கும். அப்போது மாநில அரசு காட்டிய காரணங்களில் ஒன்று இந்த நிபந்தனைதான். தலைக்கு 500 ரூபாய் மானியத்தைக் காப்பாற்றிக்கொள்ள, வீட்டுக்காரர் கூடுதலாக வரி கட்டினார்.

எல்லா நிபந்தனைகளிலும் கனமானது தேர்தல். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத உள்ளாட்சிக்கு மத்திய மானியம் கிடையாது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகு தொகுதி மறுவரையறை, வழக்கு, அவகாசம் என்று இழுத்து, 27 மாவட்டங்களின் ஊரகத்துக்கு 2019 டிசம்பரிலும், மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரிலும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரியிலும்தான் தேர்தல் நடந்தது. அதுவரை தனி அலுவலர்கள் ஆட்சி. மத்திய அரசு தவணைகளை நிறுத்தி வைத்தது. தேர்தல் நடத்தாதது மாநில அரசு, தண்டனை அனுபவித்தது ஊராட்சி.

அந்த அனுபவத்துக்குப் பிறகும் அதே இடத்துக்கு வந்து நின்றோம். அந்த 27 மாவட்டங்களில் (மயிலாடுதுறை பிரிந்ததால் 28) தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். நெல்லை, தென்காசி, வேலூர், விழுப்புரம் உள்ளிட்ட 9 மாவட்டங்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம். ஆக, ஒரே மாநிலத்தில், ஒரே சூத்திரத்தில், தென்காசியின் ஆலங்குளம் ஒன்றியத்து ஊராட்சிக்குத் தகுதி இருந்தது, அடுத்த மாவட்டமான தூத்துக்குடியின் கயத்தாறு ஒன்றியத்து ஊராட்சிக்கு இல்லை.

டெல்லியிலிருந்து வந்த மானியத்தைப் பத்து வேலை நாட்களுக்குள் உள்ளாட்சிகளுக்கு அனுப்பாவிட்டால் மாநில அரசு வட்டியோடு கொடுக்க வேண்டும் என்று 15-வது நிதிக்குழு எழுதியிருக்கிறது. நல்ல விதி. தேர்தலை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டதால் வராமல் போன தவணைக்கும் இப்படி ஒரு விதி எழுதியிருக்கலாம். ஊராட்சி இழந்ததை, தேர்தல் நடத்த வேண்டிய மாநில அரசே தன் கருவூலத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும் என்று ஒரு வரி. 2026 ஏப்ரல் முதல் ஐந்தாண்டுகளுக்கு அரவிந்த் பனகாரியா தலைமையிலான 16-வது நிதிக்குழுவின் காலம்.