ஒளி வேறு, விளக்கு வேறு



கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பாட்டியின் மடியில் பேரக்குழந்தையை உட்கார விடத் தயங்கும் குடும்பங்கள் உண்டு. “கதிர் ஒட்டிக்கொள்ளுமோ?” என்ற பயம்தான் காரணம். இந்தப் பயம் சரிதானா? விடை தேட மருத்துவமனைக்குப் போவதற்கு முன், புக்கிட் பாஞ்சாங் அருகே உள்ள டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவுக்குப் போவோம்.

அங்கே பழைய கல்குவாரி ஒன்று இன்று நீர்நிலையாக இருக்கிறது. அதைச் சூழ்ந்து நிற்பது புக்கிட் தீமா கருங்கல். அதன் வயது 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல். எல்லாக் கருங்கல்லையும் போல அதிலும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகியவை மிகச் சிறிய அளவில் கலந்துள்ளன. இவற்றின் அணுக்கரு நிலையற்றது. அது சிதைந்து வேறொரு தனிமமாக மாறும்போது கதிர்களை வெளியிடுகிறது. இதுவே கதிரியக்கம்.

எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலத்தைச் சொல்லலாம். அதுவே அரை ஆயுள். யுரேனியம்-238க்கு அது சுமார் 447 கோடி ஆண்டுகள். அதன் வழித்தோன்றலான ரேடான்-222 வாயுவுக்கோ 3.8 நாள்கள்தான்.

வெளிவரும் கதிர்கள் முக்கியமாக மூன்று வகை. ஆல்ஃபாவை ஒரு தாளே தடுத்துவிடும். பீட்டாவை நிறுத்தச் சில மில்லிமீட்டர் அலுமினியத் தகடு போதும். காமாவைக் குறைக்கத் தடித்த ஈயமோ கான்கிரீட்டோ வேண்டும். மூன்றும் செய்யும் வேலை ஒன்றே: வழியில் உள்ள அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைத் தட்டிவிடுகின்றன. உயிரணுவுக்குள் இது நடந்தால் மரபணு சேதமடையலாம். பெரும்பாலான சேதத்தை உடலே சரிசெய்துகொள்ளும். அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும்.

கதிர் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். தோலுக்கு வெளியே ஆல்ஃபா வலுவற்றது. ஆனால் ரேடானைச் சுவாசித்தால் நுரையீரலுக்குள்ளேயே ஆல்ஃபா வெளிப்படும். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த முக்கியக் காரணங்களில் ரேடானும் ஒன்று என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காற்றோட்டமுள்ள வீட்டில் அது எளிதில் சேர்வதில்லை. சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

கருங்கல்லைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பருப்பு, கீரை, வாழைப்பழம் வழியாக நம் உடலிலும் பொட்டாசியம்-40 இருக்கிறது. பெரியவர் ஒருவரின் உடலில் வினாடிக்குச் சுமார் 4,000 அணுக்கள் சிதைகின்றன. மண், காற்று, உணவு, விண்வெளி என இயற்கையிலிருந்து ஒருவர் பெறும் கதிர்வீச்சு, உலகச் சராசரியில் ஆண்டுக்குச் சில மில்லிசீவர்ட்.

இப்போது பாட்டியிடம் திரும்புவோம். கதிரியக்கப் பொருள் என்பது விளக்கு. கதிர் என்பது அதன் ஒளி. புற்றுநோய்க் கட்டியின் மீது வெளியிலிருந்து இயந்திரம் பாய்ச்சுவது ஒளியை மட்டுமே. இயந்திரத்தை அணைத்ததும் ஒளி நின்றுவிடும். பாட்டியின் உடலில் விளக்கு எதுவும் தங்குவதில்லை. எக்ஸ்ரேயும் அப்படித்தான்.

தைராய்டு சிகிச்சைக்காக அயோடின்-131 உட்கொண்டவரின் நிலை வேறு. அங்கே விளக்கே உடலுக்குள் போகிறது. அதன் அரை ஆயுள் 8 நாள்கள். 80 நாள்களில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடும். சிறுநீர் வழியாகவும் பெருமளவு வெளியேறிவிடும். குழந்தைகளிடமிருந்து எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும் என்பதை மருத்துவமனையே சொல்லும். அதைத் தவறாமல் பின்பற்ற வேண்டும். உடலுக்குள் கதிரியக்கப் பொருளைப் பொருத்திச் செய்யும் சிகிச்சைக்கும் இது பொருந்தும்.

எனவே நேயர்களே, “கதிர்வீச்சு” என்ற சொல்லைக் கேட்டதும் ஒதுங்காதீர்கள். “உடலில் கதிரியக்கப் பொருள் ஏதும் இருக்கிறதா, எத்தனை நாளைக்கு?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். “இல்லை” என்று அவர் சொன்னால், பேரக்குழந்தையை அன்றே பாட்டியின் மடியில் உட்கார வையுங்கள். நோயோடு போராடுகிறவருக்குத் தனிமையும் ஒரு சுமையாக வேண்டாமே!