மருந்துப் பாட்டிலில் எந்தப் பெயரைப் படிக்கிறீர்கள்?

"மூன்று மருந்து மாற்றி மாற்றி அடித்துவிட்டேன். தத்துப்பூச்சி அடங்கவே இல்லை." பருத்தி விவசாயிகளிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. வரப்போரம் கிடக்கும் காலிப் பாட்டிலையும் பொட்டலங்களையும் எடுத்துப் பார்த்தால் பல நேரங்களில் காரணம் தெரிந்துவிடும். ஒன்றில் இமிடாகுளோபிரிட், அடுத்ததில் தயாமீத்தாக்சம், மூன்றாவதில் அசிட்டாமிப்பிரிட் என்று சிறிய எழுத்தில் இருக்கும். கம்பெனி வேறு, படம் வேறு, விலை வேறு. ஆனால் மூன்றும் நியோநிகோடினாய்டு என்ற ஒரே குடும்பம். பூச்சியின் நரம்பில் ஒரே இடத்தைத்தான் தாக்குகின்றன. நாம் மருந்தை மாற்றினோம் என்று நினைத்தோம். பூச்சிக்கு எதுவும் மாறவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பி.டி. பருத்தி விதைகள் பெரும்பாலும் இந்தக் குடும்பத்து மருந்து பூசப்பட்டே பாக்கெட்டில் வருகின்றன. அப்படியானால் கைத்தெளிப்பானைத் தொடும் முன்பே முதல் தவணை முடிந்துவிட்டது.

மருந்தின் பெயரையும் அதன் குடும்பத்தையும் அறிந்துகொள்வது விஞ்ஞானிகளுக்கான வேலை அல்ல. பணத்தையும் பயிரையும் சில நேரம் உயிரையும் காக்கும் அறிவு அது.

பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்

பாட்டிலில் பெரிதாக இருப்பது வணிகப் பெயர். அது கம்பெனி வைத்தது. அதன் கீழே சிறிதாக இருப்பதே மருந்தின் பொதுப்பெயர். உதாரணமாக, மக்காச்சோளப் படைப்புழுவுக்குப் பயன்படும் குளோரான்ட்ரானிலிப்ரோலின் காப்புரிமை இந்தியாவில் 2022-ல் முடிந்தது. அதன்பின் பல கம்பெனிகள் அதைத் தங்கள் சொந்தப் பெயரில் விற்கின்றன. கடைக்காரர் "புது மருந்து வந்திருக்கு" என்றால், பொதுப்பெயரைப் பாருங்கள். பழைய மருந்தே புதுச் சட்டையில் வந்திருக்கலாம்.

பொதுப்பெயரை அடுத்து வரும் எண், மருந்தின் வீரியம். இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். என்றும் கிடைக்கிறது, 70 டபிள்யூ.ஜி. என்றும் கிடைக்கிறது. முதலாவது திரவம், நூற்றுக்கு 17.8 பங்கு மருந்து. இரண்டாவது குருணை, நூற்றுக்கு 70 பங்கு. பெயர் ஒன்றுதானே என்று ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் போட்டால் அளவு முழுதும் தவறிவிடும். எப்போதும் அந்தந்த லேபிளில் உள்ள அளவையே பின்பற்றுங்கள்.

பெயரின் வாலைப் பாருங்கள்

குடும்பத்தை அறிய எளிய வழி, பொதுப்பெயரின் கடைசி ஓசை. அடைப்புக்குறிக்குள் இருப்பது அந்தக் குடும்பத்தின் உலகப் பொதுவான குறியீட்டு எண்.

* 'பாஸ்' என்று முடிபவை: புரோபனோபாஸ், குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ். இவை ஆர்கனோபாஸ்பேட் (1பி). அசிபேட், டைமீத்தோயேட் ஆகியவையும் இதே குடும்பம்தான்.
* 'த்ரின்' என்று முடிபவை: சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்டா சைஹாலோத்ரின். இவை செயற்கை பைரித்ராய்டு (3ஏ).
* 'பிரிட்' என்று முடிபவை: இமிடாகுளோபிரிட், அசிட்டாமிப்பிரிட், தயாகுளோபிரிட். இவை நியோநிகோடினாய்டு (4ஏ). தயாமீத்தாக்சத்தின் வால் வேறு, குடும்பம் இதுவே.
* 'நிலிப்ரோல்' என்று முடிபவை: குளோரான்ட்ரானிலிப்ரோல், சயன்ட்ரானிலிப்ரோல். இவை டையமைடு (28). புளூபென்டியமைடும் இவற்றின் உறவே.
* பூஞ்சாணக்கொல்லிகளில் 'கோனசோல்' என்று முடிபவை: ஹெக்சாகோனசோல், புரோபிகோனசோல், டைபெனோகோனசோல் (3). 'ஸ்ட்ரோபின்' என்று முடிபவை: அசாக்சிஸ்ட்ரோபின், டிரைபிளாக்சிஸ்ட்ரோபின் (11).

வால் சில இடங்களில் ஏமாற்றும். இன்டாக்சாகார்ப் என்பதைப் பார்த்து கார்பமேட் குடும்பம் (1ஏ) என்று எண்ணிவிட வேண்டாம். அது தனி (22ஏ). நெல் குலைநோய்க்கான டிரைசைக்ளசோலும் ஹெக்சாகோனசோலும் ஒன்றல்ல. சந்தேகம் வந்தால் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். லேபிளில் எண் இல்லையென்றால் வேளாண் அலுவலரிடமோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள்.

எண்ணை மாற்றுவதே மருந்தை மாற்றுவது

ஒரு வயலில் உள்ள பூச்சிகளில் சில, பிறவியிலேயே ஒரு மருந்தைத் தாங்கும் தன்மை கொண்டவை. அதே குடும்பத்து மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் மற்றவை சாகும். தாங்குபவை பிழைத்துப் பெருகும். சில தலைமுறைகளில் வயல் முழுதும் அவற்றின் வாரிசுகளே. இதுதான் எதிர்ப்புத்திறன். எனவே பூச்சியின் ஒரு தலைமுறைக்கு ஒரு குடும்பம், அடுத்த தலைமுறைக்கு வேறு குடும்பம் என்று மாற்ற வேண்டும்.

மக்காச்சோளத்தைப் பாருங்கள். விதை நேர்த்தியில் சயன்ட்ரானிலிப்ரோல் இருந்தால் 28-ஆம் எண் தொடங்கிவிட்டது. எனவே முதல் தெளிப்புக்கு மீண்டும் 28 வேண்டாம். ஸ்பைனெட்டோரம் (5) அல்லது எமாமெக்டின் பென்சோயேட் (6) பக்கம் போகலாம். நெல் இலையுறைக் கருகலுக்கு ஹெக்சாகோனசோல் அடித்துவிட்டு அடுத்து புரோபிகோனசோல் அடித்தால் அது மாற்றம் ஆகாது, இரண்டும் 3.

கலவை மருந்துகளில் கூடுதல் கவனம் தேவை. புரோபனோபாஸ் 40 சதம், சைபர்மெத்ரின் 4 சதம் சேர்ந்த பாட்டிலை அடித்தால், இரண்டு குடும்பங்களை ஒரே நாளில் செலவழித்துவிட்டீர்கள் என்று பொருள்.

குடும்பம் தெரிந்தால் எதை அடிக்கக் கூடாது என்பதும் தெரியும். நெல்லில் புகையான் இருக்கும்போது 'த்ரின்' மருந்துகள் வேண்டாம். அவை புகையானைத் தின்னும் சிலந்திகளையும் நாவாய்ப்பூச்சிகளையும் கொன்றுவிடும். மருந்தடித்த பின் புகையான் முன்பைவிட அதிகமாகப் பெருகும்.

வண்ணம் வேறு, குடும்பம் வேறு

சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் நச்சின் கடுமையைச் சொல்கின்றன. சிவப்பு மிகக் கடுமையானது, பச்சை குறைந்தது. குடும்பம் எது என்பதை வண்ணம் சொல்லாது. மருத்துவருக்கோ இரண்டும் வேண்டும்.

2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மருந்தடிக்கும்போது அதிக வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், கண்மணி சுருங்குதல், வாந்தி, மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்துங்கள். உடையைக் களைந்து, சோப்புப் போட்டு உடலைக் கழுவி, 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம்.

மருத்துவமனையில் "பூச்சி மருந்து" என்று மட்டும் சொன்னால் போதாது. ஆர்கனோபாஸ்பேட் என்றால் அட்ரோபின், பிராலிடாக்சிம் போன்ற மாற்று மருந்துகள் உண்டு. கார்பமேட் என்றாலும் அட்ரோபின் உதவும். பைரித்ராய்டுக்கோ நியோநிகோடினாய்டுக்கோ தனி மாற்று மருந்து கிடையாது. அறிகுறிக்கு ஏற்ற சிகிச்சைதான். ஆகவே பாட்டிலின் லேபிளையோ, உள்ளே வரும் துண்டுப் பிரசுரத்தையோ, குறைந்தது கைபேசியில் எடுத்த படத்தையோ உடன் கொண்டு போங்கள். கலந்து அடித்திருந்தால் எல்லா லேபிள்களும் வேண்டும். நஞ்சின் அறிகுறிகளும் முதலுதவியும் அந்தத் துண்டுப் பிரசுரத்தில்தான் இருக்கும். அதைத் தூக்கி எறியாதீர்கள்.

ஒரு நோட்டு போதும்

பள்ளி நோட்டு ஒன்றில் ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, பயிர், பூச்சி அல்லது நோய், மருந்தின் பொதுப்பெயர், குறியீட்டு எண். விதை நேர்த்தியே முதல் வரியாக இருக்கட்டும். சிறிய எழுத்து தெரியாவிட்டால் படிக்கும் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். தெளிப்பவர் கூலிக்கு வந்தவர் என்றால், என்ன மருந்து என்பதை அவருக்கும் சொல்லுங்கள். உடம்பில் படுவது அவருக்குத்தான்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். "போன தடவை 4ஏ அடித்தேன், இந்தத் தடவை வேறு எண் கொடுங்கள்" என்று கேளுங்கள். வாங்கிய மருந்தின் பெயர் எழுதிய ரசீதையும் கேட்டு வாங்கி, அதே நோட்டில் ஒட்டி வையுங்கள்.