கதவு திறந்திருக்கும் இரண்டு வருடங்கள்

இராணுவக் கல்லூரியின் முதலாமாண்டு மாணவன் ஏன் வெளியேற நினைக்கிறான்? 'பயிற்சி கடினம்' என்பது சுலபமான பதில். எனக்கு அது போதவில்லை.

1802 இல் நிறுவப்பட்ட அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ற்றை எடுத்துக்கொள்வோம். (1976 முதல் பெண்களும் சேர்கின்றனர், 'அவன்' என்பது எழுத்து வசதிக்காகவே.) சேருபவன் பெரும்பாலும் தன் பாடசாலையில் முன்வரிசையில் நின்றவன். இங்கோ முதல்நாளே சொந்த உடுப்புப் போய்விடுகிறது. மூத்தவர் கேட்டால் மரபுப்படி அவனுக்கு நான்கே பதில்கள்: ஆம் ஐயா, இல்லை ஐயா, சாட்டு எதுவுமில்லை ஐயா, விளங்கவில்லை ஐயா. 'ஏனென்றால்' என்று தொடங்க இடமேயில்லை.

கரையோரக் காவற்படைக் கல்லூரி பற்றி டோர்ன்புஷ் 1955 இல் எழுதிய கட்டுரை, புதியவனின் பழைய அந்தஸ்து துடைக்கப்படுவதை விபரிக்கிறது. குடும்பம், செல்வம் பற்றிய பேச்சே அங்கு விலக்கு. கோவ்மன் 1961 இல் இத்தகைய இடங்களைச் சிறையோடும் மனநோய் விடுதியோடும் சேர்த்து ஆராய்ந்தார். இதை நான் ஊரில் வருடக்கணக்காகப் படிப்பித்தேன். தொழிற்சாலையில், என் மாணவர்களின் வயதுள்ள மேற்பார்வையாளன் முன் 'சாட்டு எதுவுமில்லை' என நின்றபோதுதான் விளங்கியது: வலிப்பது வேலையல்ல, விளக்கம் சொல்லும் உரிமை போனதே.

ஆனால் ஒரு வேறுபாடு. அவன் மூன்றாமாண்டு தொடங்குமுன் விலகினால் சேவைக் கடமையில்லை. பின்னர் விலகினால் படையில் பணியாற்றவோ பணத்தைத் திருப்பிக் கட்டவோ நேரலாம். ஆகவே இருப்பதா போவதா என்பதை அவன் ஒவ்வொரு காலையும் தானே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. கதவு பூட்டியிருந்தால் சகித்திருப்பான். திறந்திருப்பதால் யோசிக்கிறான், வீட்டாருக்கு என்ன சொல்வதென்றும்.