எழுத்துப் பிழை திருந்தியது, பொய் அப்படியே இருந்தது

2005 மே 26 அன்று ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு புதிய பக்கம் முளைத்தது. ஜான் சைகன்தாலர் என்ற மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றிய பக்கம் அது. ஜான் கென்னடி, ராபர்ட் கென்னடி இருவரின் கொலையிலும் அவருக்கு நேரடித் தொடர்பு இருந்ததாகச் சில காலம் கருதப்பட்டது என்றும், 1971 முதல் 1984 வரை அவர் சோவியத் யூனியனில் வாழ்ந்தார் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. இரண்டுமே பொய். 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராகப் பணியாற்றியவர் சைகன்தாலர். கொலையுண்ட தலைவரோடு கூடவே இருந்து வேலை பார்த்தவர்மீது அந்தக் கொலைப் பழியே விழுந்தது.

மூன்று நாள் கழித்து, மே 29 அன்று, வேறொருவர் அந்தப் பக்கத்துக்கு வந்தார். ஓர் ஆங்கிலச் சொல்லில் எழுத்துப் பிழை இருப்பதைக் கண்டார். அதைத் திருத்திச் சேமித்துவிட்டுப் போனார். பொய் மட்டும் நான்கு மாதங்களுக்கு மேல் அங்கேயே இருந்தது.

விக்கிப்பீடியாவின் மென்பொருள் இதில் எதையும் தவறவிடவில்லை. எந்த நிமிடத்தில், எந்த ஐ.பி. முகவரியிலிருந்து, எந்த வரி வந்தது என்று முதல் நாளிலிருந்தே குறித்து வைத்திருந்தது. நாஷ்வில் நகரத்தில் ஒரு பார்சல் நிறுவனத்தில் வேலை பார்த்தவரைப் பிறகு அடையாளம் காண உதவியதும் அந்தக் குறிப்புதான். உடன் வேலை செய்பவரிடம் விளையாட எழுதியது என்று சொல்லி அவர் மன்னிப்புக் கேட்டார். பதிவேடு பிசகாமல் இருந்தும் ஒரு மனிதரின் பெயர் நான்கு மாதம் கெட்டுக் கிடந்தது ஏன் என்பதுதான் கேள்வி. வந்து சேர்ந்த வரிகளை, உண்மையா என்ற சந்தேகத்தோடு ஒருவரும் படிக்கவில்லை. மாற்றத்தைப் பதிவு செய்வது ஒரு வேலை, அதைப் பரிசீலிப்பது இன்னொரு வேலை. முதலாவதை இயந்திரம் செய்துவிடும். இரண்டாவதற்கு ஆள் வேண்டும். இணையதளம் நடத்துபவர்களில் பலர் முதலாவது இருக்கிற தைரியத்தில் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

இன்று நாம் பார்க்கும் இணையதளங்களில் பெரும்பாலானவற்றின் பின்னால் ஓர் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் இருக்கிறது. எழுதுபவர் லாகின் செய்து, பெட்டியில் தட்டச்சு செய்து, ‘வெளியிடு’ பொத்தானை அமுக்கினால் போதும். பக்கத்தை அடுக்கிக் காட்டுவதை அது பார்த்துக்கொள்ளும். அதிகம் புழங்குவது வேர்ட்பிரஸ். 2003 மே மாதம் வெளிவந்தது. ஆனால் ஒவ்வொரு பதிவின் பழைய வடிவங்களையும் வைத்திருந்து காட்டும் வசதி, 2008 ஜூலையில் வந்த 2.6 பதிப்பில்தான் அதில் சேர்ந்தது. அதுவரை, திருத்திச் சேமித்தால் பழையது போனது போனதுதான்.

விக்கிப்பீடியாவும் இதில் அடிபட்டுத்தான் பாடம் படித்தது. 2001இல் அது தொடங்கியபோது ஓடிய யூஸ்மாட்விக்கி என்ற மென்பொருள், பழைய வடிவங்களைக் கொஞ்ச காலம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடும். உலகின் மிகப் பெரிய கலைக்களஞ்சியம் முதல் மாதங்களில் எப்படி எழுதப்பட்டது என்ற சுவடே பெரும்பாலும் தொலைந்துபோனது. 2010 டிசம்பரில் டிம் ஸ்டார்லிங் என்ற நிரலாளர் பழைய காப்புக் கோப்புகளைத் தற்செயலாகக் கண்டெடுத்த பிறகுதான் அந்தத் திருத்தங்கள் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன.

இப்போதைய மீடியாவிக்கி மென்பொருள் எப்படிக் குறித்து வைக்கிறது என்பதைத் தமிழ் விக்கிப்பீடியாவிலேயே பார்க்கலாம். 2003 செப்டம்பர் முதல் இயங்கிவரும் தளம் அது. எந்தக் கட்டுரைக்குப் போனாலும் மேலே ‘வரலாறு’ என்ற இணைப்பு இருக்கும். அதைத் தட்டினால் திருத்தங்களின் பட்டியல் விரியும். ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், திருத்தியவர் பெயர், பக்கத்தின் அளவு, அந்த அளவு எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்ற எண், திருத்தியவர் எழுதிய ஒரு வரிக் காரணம் ஆகியவை இருக்கும். கணக்குப் புத்தகத்தில் அடித்துத் திருத்திய இடத்தில் எழுத்தர் சுருக்கொப்பம் போடுவாரே, அந்த வேலையைச் செய்வது இந்த வரி.

கூடியது, குறைந்தது என்று காட்டும் அந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அது எழுத்துகளின் எண்ணிக்கை அல்ல, பைட் கணக்கு. யூனிகோடின் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் பிடிக்கும். கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால், ‘தமிழ்’ என்று சேர்த்தால் 15 கூடும். அதையே ஆங்கில எழுத்தில் சேர்த்தால் 5தான். 500 பைட்டுக்கு மேல் மாறினால் எண்ணைத் தடித்த எழுத்தில் காட்டுவது மீடியாவிக்கியின் இயல்பான அமைப்பு. ஆங்கிலத்தில் ஒரு நீளமான பத்தியையே சேர்த்தால் வரும் எச்சரிக்கை, தமிழில் மூன்று நான்கு வாக்கியத்துக்கே வந்துவிடும்.

இந்த எண்ணை மட்டும் நம்பிப் பரிசீலிப்பவர் எதைக் கோட்டை விடுவார் என்பதற்கு ஓர் உதாரணம். ‘விண்ணப்பங்கள் ஜூன் 30 வரை பெறப்படும்’ என்ற வரியில் 30 என்பது 20 ஆனால் பைட் வித்தியாசம் பூஜ்யம். ‘பெறப்படும்’ என்பது ‘பெறப்படாது’ என்று மாறினாலும் அதே பூஜ்யம். இரண்டு சொல்லும் பத்துப் பத்துக் குறி, முப்பது முப்பது பைட். ஆம் என்பது இல்லை என்றாகியிருக்கும், ஆனால் பட்டியலில் ஒரு சாம்பல் நிறச் சுழிதான் தெரியும். திருத்தியவர் ‘சிறு திருத்தம்’ என்று குறித்திருந்தால், அந்த வரியைத் திறந்து பார்க்கவே பலருக்குத் தோன்றாது.

அதனால்தான் இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்து வேறுபாட்டைக் காட்டும் திரை இன்றியமையாததாகிறது. இதன் அடிப்படைக் கணக்கு இணையத்தைவிட வயதில் மூத்தது. 1970களில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் கணினிகளுக்காக டக்ளஸ் மெக்கில்ராய் எழுதிய ‘டிஃப்’ என்ற நிரலில் இருந்து வருவது. ஜேம்ஸ் ஹன்ட்டும் அவரும் சேர்ந்து 1976இல் அதன் வழிமுறையை விளக்கி எழுதினார்கள். இரண்டு உரைகளிலும் ஒரே வரிசையில் வரும் பொதுவான பகுதியை, எவ்வளவு நீளமாக முடியுமோ அவ்வளவு நீளமாகக் கண்டுபிடிக்க வேண்டும். அதில் சேராமல் பழைய உரையில் மிஞ்சியது நீக்கம், புதிய உரையில் மிஞ்சியது சேர்க்கை. நம் விண்ணப்ப வரியில் மற்ற சொற்களெல்லாம் பொது, 30 நீக்கம், 20 சேர்க்கை. பைட் கணக்கில் ஒளிந்துகொண்ட மாற்றம் இந்தத் திரையில் வண்ணம் பூசிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும்.

இந்தக் கணக்குக்குப் பொருள் தெரியாது. ஒரு பத்தியை மேலிருந்து கீழே நகர்த்தினால், பத்தி முழுவதும் நீக்கப்பட்டு இன்னொன்று புதிதாக வந்ததாகப் பல கருவிகள் காட்டும். அந்த வண்ண வெள்ளத்துக்கு நடுவே ஒரு சொல் மாறியிருந்தால் கண்ணுக்குத் தப்பும். பத்தியை நகர்த்துவதை ஒரு தடவையிலும் சொல்லை மாற்றுவதை இன்னொரு தடவையிலும் சேமிப்பது அனுபவசாலிகளின் வழக்கம். பரிசீலிப்பவருக்குச் செய்யும் மரியாதை அது.

பரிசீலனையை எப்போது வைப்பது? சைகன்தாலர் விவகாரம் வெடித்த பிறகு, 2005 டிசம்பரில், பதிவு செய்யாதவர்கள் புதிய பக்கம் தொடங்குவதை ஆங்கில விக்கிப்பீடியா நிறுத்தியது. இருக்கிற பக்கங்களைத் திருத்த மட்டும் விட்டுவைத்தது. ஜெர்மன் விக்கிப்பீடியா 2008இல் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தது. புதியவர் செய்யும் திருத்தத்தை அனுபவமுள்ள ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பொது வாசகருக்கு அது காட்டப்படும். நேற்று சேர்ந்தவர் இன்று எழுதிய வரி, சமயத்தில் நாட்கணக்கில் காத்துக் கிடக்கும். சரியான தகவலும் அந்தத் தாமதத்தில் மாட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் இதே போன்ற ஏற்பாடு, 2012 முதல், தொல்லைக்கு உள்ளாகும் சில பக்கங்களுக்கு மட்டும் நடைமுறையில் இருக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியா போன்ற தளங்களில் காவல் பெரும்பாலும் வெளியான பிறகு நடப்பது. ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தில் புதிய திருத்தங்கள் வரிசையாக வந்து விழும். தாங்கள் அக்கறை கொண்ட கட்டுரைகளைக் ‘கவனிப்புப் பட்டியலில்’ போட்டு வைத்திருப்பவர்கள் அவற்றில் கை வைக்கப்பட்டதும் போய்ப் பார்ப்பார்கள். விஷமம் என்றால் ‘மீளமை’ ஒரு சொடுக்கு. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2010 முதல் குளூபாட் என்ஜி என்ற நிரல், பழைய விஷமத் திருத்தங்களைப் படித்துக் கற்றுக்கொண்டு, புதியவற்றைச் சில நொடிகளில் பிடித்து மீட்கிறது. வசைச் சொல், பக்கத்தையே காலி செய்வது போன்ற முரட்டு வேலைகளை அது நன்றாகப் பிடிக்கும். நிதானமான நடையில், இலக்கணப் பிழை இல்லாமல் எழுதப்பட்ட பொய்யைப் பிடிக்க இன்றும் விஷயம் தெரிந்த ஒரு மனிதர்தான் வேண்டும்.

பிரிட்டன் அரசின் கவ்.யூகே தளத்தின் ஏற்பாடு வேறு மாதிரி. 2012 அக்டோபரில் தொடங்கிய அந்தத் தளத்தில், எழுதியவரைத் தவிர இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகே பக்கம் வெளியாக வேண்டும் என்பது நடைமுறை. ஊழியர்கள் அதை இரண்டாம் ஜோடிக் கண்கள் என்றே அழைக்கிறார்கள். இதைவிடக் கவனிக்க வேண்டியது, வெளியான பிறகு அங்கே நடப்பது. முக்கியமான மாற்றம் செய்தால், என்ன மாறியது என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். அந்தக் குறிப்பு தேதியோடு பக்கத்திலேயே பொதுமக்கள் பார்வைக்கு நிற்கும். மின்னஞ்சல் அறிவிப்பு கேட்டவர்களுக்கு அனுப்பியும் வைக்கப்படும். வெறும் எழுத்துப் பிழைத் திருத்தத்துக்கு இது தேவையில்லை. விசா விதியோ வரிச் சலுகையோ மாறினால், பழைய விதியை நம்பிப் பணம் கட்டியவருக்கு அந்த ஒரு வரிக் குறிப்பு எவ்வளவு பெரிய பிடிமானம் என்பதை யோசித்துப் பார்க்கலாம். நம் ஊர் அரசுத் தளங்கள் அனைத்திலும் இது இருக்க வேண்டும்.

தளமே சொல்லாதபோது வெளியாட்கள் கண்காணிக்கிறார்கள். 2011 அக்டோபர் 1 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தில் நூற்றுக்கணக்கான போராட்டக்காரர்கள் கைது செய்யப்பட்டார்கள். நியூயார்க் டைம்ஸ் இணையச் செய்தியின் முதல் வடிவம், போலீஸ் அவர்களைப் பாலத்துக்குள் விட்டுவிட்டுப் பிறகு மறித்துக் கைது செய்தது என்ற பொருளில் தொடங்கியது. சற்று நேரத்தில் வந்த வடிவத்தில், அவர்கள் வாகனப் பாதையில் இறங்கியதால் கைதானார்கள் என்ற தொனி ஏறியிருந்தது. இரண்டையும் அருகருகே வைத்த படம் இணையமெங்கும் சுற்றியது. அடுத்த ஆண்டே எரிக் பிரைஸ், கிரெக் பிரைஸ், ஜெனிஃபர் லீ மூவரும் நியூஸ்டிஃப்ஸ் என்ற தளத்தை உருவாக்கினார்கள். பெரிய செய்தித் தளங்களின் பக்கங்களை அடிக்கடி நகலெடுத்து, வெளியான பின் மாறிய வரிகளை அது வெட்ட வெளிச்சமாக்கியது. புதிய தகவல் வரும்போது செய்தி மாறுவது இயல்புதான். மாறியதைச் சொல்லாமல் விடும்போது வாசகருக்குச் சந்தேகம் வருவதும் இயல்புதான்.

அமெரிக்காவில் 2016 இறுதியில் உருவான சுற்றுச்சூழல் தரவு மற்றும் ஆளுகை முன்முயற்சி என்ற ஆய்வாளர் குழு, அரசுத் தளங்களின் பல்லாயிரம் பக்கங்களை இப்படியே தொடர்ந்து ஒப்பிட்டுவந்தது. 2017 ஏப்ரல் 28 அன்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் தளத்தின் பருவநிலை மாற்றப் பக்கங்களை எடுத்தபோது, எவை எவை போயின என்று துல்லியமாகச் சொல்ல முடிந்ததற்கு இத்தகைய ஒப்பீடுகளும் இணைய ஆவணக் காப்பகத்தின் பிரதிகளும்தான் காரணம்.

இவ்வளவு பெரிய களங்களை விட்டு, கல்லூரி, மருத்துவமனை, கூட்டுறவுச் சங்கம், சிறு கடை நடத்தும் வேர்ட்பிரஸ் தளங்களுக்கு வருவோம். பதிவைச் சேமிக்கும்போதெல்லாம் அதன் முழுப் பிரதியையும் அந்த மென்பொருள் தனியாக எடுத்து வைக்கிறது. ஒரு காற்புள்ளி மாறினாலும் முழுப் பிரதிதான். தரவுத்தளம் பெருகுகிறது என்று சொல்லி, இந்த வசதியையே அணைத்து வைக்கும் தொழில்நுட்ப ஆட்கள் உண்டு. எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் போதும், அணைக்க வேண்டியதில்லை. 2017 தொடக்கத்தில் வேர்ட்பிரஸ் 4.7, 4.7.1 பதிப்புகளில் இருந்த ஓட்டை வழியாக, லாகின் இல்லாமலே வெளியாட்கள் பதிவுகளைத் திருத்தினார்கள். 4.7.2 பதிப்பு அதை அடைத்த பிறகும், புதுப்பிக்காமல் விட்ட தளங்களில் லட்சக்கணக்கான பக்கங்கள் சிதைக்கப்பட்டன. பழைய பிரதி சேமிப்பில் இருந்தால் அதை மீட்பது சில நிமிட வேலை.

அந்தப் பிரதியிலும் எல்லாம் இருக்காது. வழக்கமான அமைப்பில் தலைப்பு, உரை, சுருக்கம் ஆகிய மூன்றின் பழைய வடிவங்களே நிற்கும். முகப்புப் படத்தை மாற்றியது, வகையை மாற்றியது எல்லாம் அதில் தெரியாது. வேர்ட்பிரஸில் இணையக் கடை நடத்த உதவும் வூகாமர்ஸில் பொருளின் விலை தனிப் புலத்தில் இருப்பதால், யார் எப்போது விலையைக் குறைத்தார் என்று திருத்த வரலாற்றில் தேடினால் கிடைக்காது. அதற்கு நடவடிக்கைகளைக் குறித்து வைக்கும் தனிச் செருகுநிரல் வேண்டும்.

அலுவலகத்தில் எல்லாரும் ஒரே நிர்வாகி லாகினைப் பயன்படுத்தினால் எந்தப் பதிவேடும் பயன் தராது. எல்லா மாற்றமும் ஒரே பெயரில்தான் நிற்கும். வேர்ட்பிரஸில் ‘பங்களிப்பாளர்’ என்ற தகுதி இருக்கிறது. அவர் எழுதலாம், பரிசீலனைக்கு அனுப்பலாம், வெளியிட முடியாது. வெளியிடும் உரிமை ‘ஆசிரியர்’ தகுதி முதல் தொடங்குகிறது. மற்றவர் எழுதியதை வெளியிட ‘பதிப்பாசிரியர்’ ஆக வேண்டும். இரண்டு பேர் வேலை பார்க்கும் இடத்தில்கூட இந்தப் பிரிவினையைச் செய்துகொள்ளலாம். பரிசீலிப்பவருக்கு முழுப் பக்கத்தையும் படிக்க நேரமில்லாத நாளில் கட்டணம், கடைசித் தேதி, தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண் ஆகிய நான்கையும் மூல ஆவணத்தோடு ஒப்பிட்டுவிட்டு ஒப்புதல் கொடுக்கட்டும். வெளியான பிறகு, லாகின் செய்யாத ஒரு கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவும் வேண்டும். வேகத்துக்காகச் சர்வர் எடுத்து வைத்திருக்கும் தற்காலிக நகல், திருத்தத்துக்கு முந்திய பக்கத்தையே வாசகர்களுக்கு இன்னும் காட்டிக்கொண்டிருக்கலாம்.