லடாக்கில் மகன்... கொல்லைப்புறத்தில் வெண்டை!

வீட்டுக்கு வீடு ராணுவ வீரர்கள் இருப்பதால் ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைக்கப்படும் ஊர், வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டை. இங்கே ஒரு தாய்க்கு இந்தக் கோடை கொல்லைப்புறத்திலேயே கழிந்தது. ஒரே மகனுக்கு லடாக் எல்லையில் பணி.

சித்திரையில் கீரையும் வெண்டையும் விதைத்தார். வெயில் 40 டிகிரியைத் தாண்டியபோது, செடிகளின் அடியில் காய்ந்த சருகைப் பரப்பி ஈரம் காத்தார். காலை, மாலை இரு வேளையும் தண்ணீர். 25 நாளில் தண்டுக்கீரை, 45 நாளில் வெண்டை என்று காலண்டரில் குறித்து வைத்தார். மகன் பேசிய நாள்களும் அதே காலண்டரில்தான்.

“சிக்னல் கிடைச்சாத்தான் பேசுவான். பத்து நாள் போன் வரலைன்னா சோறு இறங்காது. வந்து களை பிடுங்குவேன். கைக்கு வேலை இருந்தா மனசு கொஞ்சம் அடங்கும்” என்கிறார்.

முதல் காய்ப்பை வீடியோ காலில் காட்டினார். “எனக்கும் ரெண்டு எடுத்து வைம்மா” என்றாராம் மகன். லீவு கிடைப்பதோ ஆடியில்! அதுவரை காய் தாங்குமா?

திடமான இரண்டு காய்களில் சிவப்பு நூல் கட்டி, பறிக்காமல் செடியிலேயே முற்றவிட்டார். இப்போது அவற்றின் விதைகள், சாம்பலில் புரட்டிய நிலையில் டப்பாவில் இருக்கின்றன.

“ஆடிப்பட்டத்துல அவன் கையாலயே விதைக்கட்டும்!”